நோன்புக்குப் பிறகு பிள்ளைகளின் இரவுத் தூக்கம்

(டிரஸ்ட் சார்பில் பாலசமுத்திரத்தில் நடந்த தாய்மார்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பெருநாள் கழிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வழக்கமாக இந்த நாட்களில் டிரஸ்ட்டுக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடக் கட்டணம், ஆபரேஷன் செலவு, விதவை உதவித்தொகை என்றுதான் வருவார்கள். இந்த முறை மனுக் கொடுக்க வந்த தாய்மார்கள் சிலர் போகும்போது வேறொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்கள். "நோன்புக்கு முன்னாடி ராத்திரி முழுக்கத் தூங்குன புள்ளை, இப்ப மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிறான். விடியுற வரைக்கும் தூங்க மாட்டேங்கிறான்." ஒருவர் சொன்னால் விட்டுவிடலாம். நாலைந்து வீடுகளிலிருந்து ஒரே பேச்சு வந்தது. அதனால் இன்றைய கூட்டத்தில் இதையே பேசுவது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

பிள்ளை தூங்காததெல்லாம் ஒரு டிரஸ்ட் பேசுகிற விஷயமா என்று ஆண்கள் பக்கத்தில் சிலர் சிரிக்கலாம். ஜமாஅத்துக்கு வரும் குடும்பப் பிரச்சினைகளைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் வளர்ந்து, பெண் தாய்வீட்டுக்குப் போய், பெரியவர்கள் கூடிப் பேசி, கடைசியில் வேரைத் தோண்டிப் பார்த்தால், அந்த வீட்டில் ஆறு மாதமாக யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பதுதான் தெரியவரும். தூக்கமில்லாத தாய்க்குக் கோபம் மூக்கின் நுனியில் நிற்கும். கை ஓங்கிவிட்டுப் பிறகு தனியாக அழுகிற தாய்மார்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை.

முதலில், நோன்பு மாதத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். முன்பெல்லாம் பக்கீர்சா தாயிரா அடித்துக்கொண்டு தெருவில் வருவார், பெரியவர்கள் எழுந்துகொள்வார்கள். இப்போது வீட்டுக்கு நாலு செல்போன், நாலு அலாரம். மூன்றரை மணிக்கு அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம், டியூப் லைட் வெளிச்சம். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், "எங்க தங்கமும் நோன்பு வைக்குதா" என்று மடியில் தூக்கி வைத்து ஒரு வாய் ஊட்டுகிறோம். அவனுக்கு அது ஒரு திருவிழா. பகலில் நோன்பாளியான தாய் அசந்து படுக்க, பிள்ளையும் கூடவே படுத்துவிடுகிறது. அஸருக்குப் பிறகு தூங்கி, இஃப்தார் சத்தத்தில் எழுந்து, தராவீஹ் முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் வரை விளையாடுகிறது. முப்பது நாள் இப்படி நடந்தால் பிள்ளையின் உடம்பு அதையே கணக்காக எடுத்துக்கொள்ளும். நமக்குப் பிறை பார்த்ததும் மாதம் முடிந்துவிடுகிறது. அவன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு யார் பிறை காட்டுவது?

அந்தக் கடிகாரம் சும்மா சொல்லும் பேச்சல்ல. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து மூளை நேரம் பார்க்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற ஒரு சுரப்பு ஊறித் தூக்கத்தை வரவழைக்கும். காலை வெளிச்சம் பட்டால் அது அடங்கும். இரவு பத்து மணிக்குப் பிள்ளையின் முகத்துக்கு நேரே டியூப் லைட்டும் செல்போனும் எரிந்தால், அந்தச் சுரப்பு தள்ளிப் போகிறது. சின்னப் பிள்ளைகளின் கண் வெளிச்சத்துக்கு நம் கண்ணைவிட அதிகமாக அசையும்.

இனி, எவ்வளவு தூங்க வேண்டும் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளைக்கு விரல் விட்டுக் கணக்குப் பாருங்கள். நம் வீடுகளில் இரவு பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிற பிள்ளை பகலில் ஒரு மணி நேரம் தூங்கினால், மொத்தம் ஒன்பதுதான் வருகிறது.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 17 நாடுகளிலும் பகுதிகளிலும் மூன்று வயது வரையுள்ள 29,287 பிள்ளைகளின் தூக்கத்தைக் கேட்டறிந்தார்கள். அதில் இந்தியாவும் உண்டு. நியூசிலாந்தில் பிள்ளைகள் சராசரியாக மாலை ஏழரைக்குப் படுக்கிறார்கள், ஹாங்காங்கில் பத்தேகாலுக்கு. மொத்தத்தில் ஆசியப் பிள்ளைகள் தாமதமாகப் படுக்கிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள், பெற்றோருடன் ஒரே அறையிலோ ஒரே படுக்கையிலோ படுக்கிறார்கள். கூடப் படுப்பதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஒரே அறையில் பாய் விரித்து எல்லோரும் படுக்கிற வீட்டில், பிள்ளைக்குத் தனி அறை என்று பேசுவது பொருந்தாது. அந்தப் பழக்கத்துக்குள்ளேயே பிள்ளையை நன்றாகத் தூங்க வைக்க முடியும்.

பிள்ளை இரவு முழுவதும் ஒரே மூச்சாகத் தூங்குகிறது என்று நினைத்தால் அது தவறு. எந்தப் பிள்ளையும் அப்படித் தூங்குவதில்லை, நாமும் தூங்குவதில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கம் ஆழத்திலிருந்து மேலே வந்து, லேசாக விழிப்புத் தட்டி, மறுபடி உள்ளே போகும். விழிப்புத் தட்டும் அந்த நொடியில் பிள்ளை சுற்றுமுற்றும் பார்க்கிறது. படுக்கும்போது இருந்தது எல்லாம் அப்படியே இருந்தால் மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். படுக்கும்போது தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, இப்போது ஆடவில்லை. படுக்கும்போது வாயில் பால் பாட்டில் இருந்தது, இப்போது இல்லை. படுக்கும்போது நன்னிமா தோளில் கிடந்தான், இப்போது தரையில் கிடக்கிறான். நீங்கள் கட்டிலில் படுத்துத் தூங்கி, நடு இரவில் திண்ணையில் விழித்தால் சும்மா இருப்பீர்களா? அவன் அழுவதும் அதனால்தான். குறும்பு, பிடிவாதம் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

ஆகவே பிள்ளை எதை வைத்துத் தூங்கப் போகிறானோ, அதையே நடு இரவிலும் கேட்பான். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம் பக்கத்தில் இதில் பெரிய பங்கு தொட்டிலுக்கு. அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டிய தொட்டிலைப் போல் கைக்குழந்தைக்குச் சுகமான இடம் வேறில்லை. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையை, ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலில் போட்டு, தாய் பாயில் படுத்தபடியே கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் ஆட்டுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆட்டம் நின்றால் அழுகை. அந்தத் தாய்க்கு இரவு என்பதே கிடையாது. தூக்கத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. எழுந்து உட்காரவும் நிற்கவும் தெரிந்த பிள்ளைக்குத் தொட்டில் பாதுகாப்பான இடமல்ல. எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சேலைத் தொட்டிலைச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகளை நாளிதழில் நாம் படித்திருக்கிறோம். பிள்ளை தூங்கி எழுந்ததும் சேலையைச் சுருட்டி மேலே முடிந்து வையுங்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளையை மெதுவாகப் பாய்க்கு இறக்கிவிடுங்கள்.

மெதுவாக என்றால் எப்படி? முதலில் பகல் தூக்கத்தைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டு, இரவை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்று இரவு, கண் சொருகும் வரை ஆட்டி, முழுத் தூக்கம் வருமுன் ஆட்டத்தை நிறுத்துங்கள். கை மட்டும் அவன் மேல் இருக்கட்டும். அடுத்த சில இரவுகள் ஆட்டத்தை இன்னும் குறைத்து, பிறகு அதே சேலையைப் பாயில் விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். சேலையின் வாசனை அவனுக்குத் தெரியும். அது பாதி தாய்.

பால் பாட்டில் விஷயம் கொஞ்சம் கடுமையானது. ஒரு வயது தாண்டி, எடை சரியாக ஏறி, பகலில் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு நள்ளிரவில் பால் தேவையில்லை. வாயில் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்கு முன்பல் சொத்தையாகும். பால் அதிகமாகக் குடித்தால் வயிறு நிறைந்து சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும். ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். நாலு அவுன்ஸ் கொடுக்கிற இடத்தில் மூன்று, இரண்டு என்று சில நாட்களுக்கு ஒருமுறை குறைத்து, பிறகு ஒரு வாய் தண்ணீரோடு முடித்துவிடலாம். கடைசிப் பாலைப் படுக்கையில் கொடுக்காமல், பல் துலக்குவதற்கு முன் கூடத்தில் உட்கார வைத்துக் கொடுங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் விஷயம் வேறு. இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதே வசனத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே பால் மறக்கச் செய்வதானால், தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்பிச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மார்பில் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவிப் பிள்ளையை ஒரே இரவில் மிரள வைப்பதை இந்த வசனத்தோடு பொருத்திப் பாருங்கள். பகல் பாலை வைத்துக்கொண்டு இரவுப் பாலை மட்டும் குறைக்கலாம். இரவும் கொடுக்கத் தாய்க்கு விருப்பமும் தெம்பும் இருந்தால், யாரும் தடுக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்தில் நாம் சொல்வதெல்லாம் முடியாமல் தவிக்கிற தாய்மார்களுக்காகத்தான்.

இப்போது நாளை எப்படி மாற்றி அமைப்பது என்று சொல்கிறோம். எல்லோரும் இரவிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் காலையிலிருந்து தொடங்குங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும், காலை ஆறரைக்குப் பிள்ளையை எழுப்பிவிடுங்கள். "பாவம், ராத்திரி தூங்கல, கொஞ்சம் தூங்கட்டும்" என்று ஒன்பது மணி வரை விட்டால், அன்றிரவும் அதே கதைதான். எழுந்ததும் வாசலுக்கோ மாடிக்கோ தூக்கிப் போய் கால் மணி நேரம் வெளிச்சத்தில் விடுங்கள். நம் ஊர்க் காலை வெளிச்சமும் மலைக்காற்றும் காசு கொடுத்து வாங்குவதல்ல. பகல் தூக்கம் லுஹருக்குப் பிறகு ஒருமுறை, ஒன்றரை இரண்டு மணி நேரம் போதும். மூன்றரைக்கு மேல் தூங்க விடாதீர்கள். ஒன்றேகால் ஒன்றரை வயது வரை சில பிள்ளைகளுக்குப் பகலில் இரண்டு தூக்கம் தேவைப்படலாம், அதைப் பிடுங்க வேண்டாம். அஸருக்குப் பிறகு யார் தோளிலும் தூங்க விடாதீர்கள். அந்த நேரத்தில் ஓடி ஆடட்டும். மஃரிபுக்கு உள்ளே வந்துவிடட்டும். அந்தி சாயும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மஃரிபுக்குப் பிறகு சாப்பாடு. இட்லியோ பருப்புச் சோறோ, வயிறு நிறைய. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைக் கழுவி, பல் துலக்கி, மெல்லிய பருத்தி உடுப்பு. பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு. மடியில் உட்கார வைத்து ஒரு சின்னக் கதை, பிறகு ஓதல். முஅவ்விதாத் சூராக்களை ஓதிக் கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொண்டு படுப்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். அதைப் பிள்ளைக்கும் செய்யுங்கள். இது ஒவ்வொரு நாளும் இதே வரிசையில், இதே நேரத்தில் நடக்க வேண்டும். நேரம் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இந்த வரிசைதான் கடிகாரம்.

இது கைக்கு எளிதாகத் தோன்றுவதால் பலன் இருக்காது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 405 தாய்மார்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம் இரண்டு வாரம் இதைப் போன்ற மூன்று காரியங்களை மட்டும் செய்யச் சொன்னார்கள்: குளியல், உடம்பு தடவிவிடுதல், அமைதியான ஒரு நேரம். குளியல் முடிந்து அரை மணிக்குள் விளக்கணைப்பு. பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பது குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் தேறியது என்று அந்த ஆய்வு சொல்கிறது. எங்களுக்கு அந்தக் கடைசிச் செய்திதான் பெரிதாகப் பட்டது.

இப்போது பத்தரைக்குத் தூங்குகிற பிள்ளையை நாளைக்கே எட்டரைக்குப் படுக்க வைத்தால், இரண்டு மணி நேரம் பாயில் உருண்டு அழுவான். இரண்டு மூன்று நாளுக்குக் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று வாரத்தில் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ வந்துவிடும்.

ஒரு சந்தேகம் வரும். இஷாவுக்கு முன் தூங்குவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லையே, பிள்ளையை அதற்கு முன் தூங்க வைக்கலாமா? அது தொழுகை கடமையானவர்களுக்கு. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் இஷாவைத் தாமதப்படுத்தியபோது, பெண்களும் சிறுவர்களும் தூங்கிவிட்டார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் குரல் கொடுத்ததாகப் புகாரியில் இருக்கிறது. பிள்ளைகள் அப்போது அங்கேயே தூங்கியிருந்தார்கள். ஆனால் அதே ஹதீஸின் மறுபாதி, அதாவது இஷாவுக்குப் பின் வெட்டிப்பேச்சு கூடாது என்பது, நமக்கானது. பத்து மணிக்குக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பிள்ளை மட்டும் தூங்க வேண்டும் என்றால் நடக்காது. செல்போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் செல்போன், டிவி எதுவும் வேண்டாம், தூரத்து உறவினருடன் வீடியோ கால் மட்டும் எப்போதாவது இருக்கலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

சரி, எல்லாம் செய்தாகிவிட்டது, மூன்று மணிக்கு எழுந்து அழுகிறான். என்ன செய்வது? விளக்கைப் போடாதீர்கள். தூக்காதீர்கள். பக்கத்தில் போய், மெதுவாகத் தட்டிக் கொடுத்து, எப்போதும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள்: "தூங்குடா தங்கம், அம்மா இங்கதான் இருக்கேன்." கதை வேண்டாம், விளையாட்டு வேண்டாம். சஹர் நேரம் முடிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிய வேண்டும். முதல் சில இரவுகள் பக்கத்திலேயே கை வைத்து உட்காருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு உட்காருங்கள். பிறகு ஒரு கை தூரம் தள்ளிப் படுங்கள். மேலை நாடுகளில் பிள்ளையை அறையில் விட்டுக் கதவைச் சாத்தி அழ விடுகிற ஒரு முறையும் இருக்கிறது. ஒரே பாயில் படுக்கும் நம் வீடுகளில் அதற்கு வழியும் இல்லை, நாங்கள் அதைப் பரிந்துரைக்கவும் இல்லை. தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், ஒரு பிள்ளையின் அழுகை கேட்டதும், அதன் தாய்க்கு மனம் படும் பாட்டை நினைத்துச் சுருக்கிக்கொண்டார்கள். அழுகை தாயை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பொதுவாக முதல் மூன்று இரவுகள் முன்னைவிட மோசமாகவே இருக்கும். அங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு இரவு பிடித்துக்கொண்டு மூன்றாம் இரவு தூக்கித் தோளில் போட்டால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஆகவே தொடங்குமுன் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள். காய்ச்சல் நேரத்திலோ, ஊருக்குப் போகும் வாரத்திலோ, அடுத்த பிரசவத்துக்கு முந்தைய வாரத்திலோ தொடங்க வேண்டாம். முக்கியமாக நன்னிமார்கள், அத்தம்மாமார்கள். நீங்கள் அள்ளி எடுத்துக் கொஞ்சுவதில் தப்பில்லை, பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சுங்கள். இரவு மூன்று மணிக்கு மட்டும், உங்கள் மகளோ மருமகளோ உட்கார்ந்திருக்கும்போது, "புள்ளைய அழ விட்டு வேடிக்கை பாக்குறியா" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் பத்து நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

அத்தாமார்களே, சிரித்தவர்களுக்கு இப்போது வருகிறோம். பழநியில் கடை வைத்திருக்கிறேன், திருப்பூருக்குப் போய் வருகிறேன், காலையில் எழ வேண்டும் என்பதெல்லாம் உண்மை. பிள்ளையின் தாயும் காலையில் எழ வேண்டும். இரவு பன்னிரண்டு வரை விழித்தால் நீங்கள் பாருங்கள், அதற்குப் பிறகு அவர் பார்க்கட்டும். அதுவும் முடியாதென்றால் வாரத்தில் இரண்டு இரவு முழுவதும் நீங்கள். பால் மறக்கும் நாட்களில் அத்தா பக்கத்தில் படுப்பது இன்னும் நல்லது. பால் வாசனை இல்லாததால் பிள்ளை சீக்கிரம் அடங்கும். தாயோ தந்தையோ, இனி முடியாது, கை நடுங்குகிறது என்று தோன்றும் இரவில், பிள்ளையைப் பத்திரமாகப் பாயில் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலுக்குப் போய் நில்லுங்கள். பிள்ளையைப் பிடித்து உலுக்காதீர்கள். உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். அழுத பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பல வாரமாகத் தூக்கம் இருந்தும் தூங்க முடியாத, எதிலும் பிடிப்பில்லாத, வாழ்வே வேண்டாம் என்று பேசுகிற தாயை "சோம்பேறி" என்று சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 104க்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

பழக்கத்தால் வராத விழிப்பும் உண்டு. அதைத் தட்டிக் கொடுத்துத் தீர்க்க முடியாது. இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுதால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக்கு அரை மாத்திரை, பொடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்று. வாயைத் திறந்து குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் காது வலி. படுத்தபின் காலை உதைத்து உருண்டுகொண்டே இருக்கிற, முகம் வெளுத்த பிள்ளைக்கு இரத்தத்தைப் பரிசோதியுங்கள், இரும்புச்சத்துக் குறைவு தூக்கத்தைக் கெடுக்கும். இது எங்கோ யாருக்கோ வருவதல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப்பை, மலம் கறுக்கிறது என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வாரம் இருமுறை ஒரு மில்லி, அவ்வளவுதான்.

தூங்கி இரண்டு மணி நேரத்துக்குள் திடீரென்று எழுந்து அலறுகிறான், கண் திறந்திருக்கிறது, அம்மாவையே அடையாளம் தெரியவில்லை, தள்ளிவிடுகிறான். பார்க்கிறவர்களுக்கு ஈரல் நடுங்கும். உடனே ஜின், கண்ணேறு, தாயத்து என்று புறப்பட்டுவிடுகிறோம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் எழுவதால் வருவது இது. மருத்துவர்கள் இரவு அச்சம் என்பார்கள். எழுப்பாதீர்கள், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் அவனே படுத்துவிடுவான், காலையில் அவனுக்கு ஞாபகமும் இருக்காது. தூக்கம் குறைந்த பிள்ளைகளுக்கும் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கும் இது அதிகம் வரும். ஓதுவதை நாங்கள் தடுக்கவில்லை. ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடி ஓதியிருக்கிறார்கள். வீட்டில் தாயும் தந்தையும் ஓதினால் போதும், ஆயிரக்கணக்கில் செலவழித்து ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. அடிக்கடி வந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ பழநி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறோம். வேண்டாம். சளி மருந்தில் தூக்கம் வருகிறது என்பதற்காக, சளியே இல்லாத பிள்ளைக்கு ஒரு மூடி ஊற்றுவது சில வீடுகளில் நடக்கிறது. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்து 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஜாதிக்காயை உரசிப் பாலில் கொடுப்பதும் அளவு மீறினால் மயக்கம் வரை கொண்டுபோகும். உரை மருந்தில் ஓர் உரசல்தானே என்பார்கள் பெரியவர்கள். உரசுகிற கைக்குக் கை அளவு மாறும்.

பங்குனி வெயிலில் வேர்த்து எழுகிற பிள்ளைக்கு இந்த அறிவுரை எல்லாம் பயன்படாது. நைலான் போர்வையையும் பிளாஸ்டிக் விரிப்பையும் எடுத்துவிட்டு, மாலையில் தரையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டுங்கள். கொசுவலை வாங்க வசதி இல்லாத வீடுகள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

ஒரு சகோதரி சீட்டு அனுப்பியிருக்கிறார். கணவர் சவூதியில் இருக்கிறார். வேலை முடிந்து அவர் வீடியோ காலில் வரும்போது இங்கே இரவு பத்தரை ஆகிவிடுகிறது. பிள்ளை அத்தாவைப் பார்க்க விழித்திருக்கிறான், பார்த்த பிறகு பன்னிரண்டு வரை தூங்குவதில்லை. அழைப்பை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

நிறுத்த வேண்டாம், சகோதரி. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலைக்குக் கிளம்பும் காலை ஆறு மணி, இங்கே எட்டரை. பிள்ளை எழுந்து சாப்பிடுகிற நேரம். பத்து நிமிடம் அப்போது பேசட்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அன்று அஸருக்குப் பிறகு நிறைய நேரம் பேசலாம். இரவு பத்தரைக்கு உங்களோடு பேசட்டும், அதுவும் வேண்டியதுதான். பிள்ளைக்காக அவரிடம் ஒன்று கேளுங்கள். படுக்கும்போது ஓதும் துஆவைத் தன் குரலில் ஓதி, மகன் பெயரைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். விளக்கை அணைத்த பிறகு, போனைக் கவிழ்த்து வைத்து அதைத் தினமும் போட்டுக் காட்டுங்கள். முகம் தெரியாவிட்டாலும், அவன் அத்தாவின் குரலைக் கேட்டுத் தூங்கட்டும்.